பதினேழாம் பின்னும் விக்கல் எடுத்த மோட்டாரும்

"டேய், மோட்டார் விக்கல் எடுக்குதுடா, வந்து பாரு."

அம்மா சொன்னது முதலில் என் காதில் சரியாக விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு மொபைலை நோண்டிக்கொண்டிருந்த நேரம். மோட்டாராவது விக்கல் எடுப்பதாவது என்று கொல்லைப்பக்கம் போனால், நிஜமாகவே விக்கல்தான். ஒரு நொடி "ஊம்" என்று ஆரம்பிக்கிறது, டக்கென்று நிற்கிறது, மறுபடி ஊம், மறுபடி டக். மோட்டாருக்குக் கரெண்டை விடுகிற கான்டாக்டர் பெட்டிக்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி சத்தம். அதே சமயம் மாடி அறையிலிருந்து அக்கா பையன் கத்துகிறான்: "மாமா, எல்ஈடி எரியுது, ஆனா பிளிங்க் ஆக மாட்டேங்குது!"

இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் முப்பது விக்கல்.

கதைக்கு முன்னால் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் ஒரு ஹெச்பி மோட்டார். டேங்க்கில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஃப்ளோட் சுவிட்ச். மாடி அறையில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒரு ரிலே போர்டு (சின்ன கரெண்டால் தட்டப்படும் சுவிட்ச்), ரிலேவிலிருந்து கீழே கான்டாக்டரின் காயிலுக்கு ஒயர். தண்ணீர் குறைந்தால் பை மோட்டாரைப் போடும், நிறைந்தால் நிறுத்தும். "மோட்டார் போட்டுட்டு மறந்துட்டேன்" என்ற வசனத்தை வீட்டிலிருந்து ஒழிப்பதற்காக நான் எழுதிய பைத்தான் புரோகிராம், மற்ற புரோகிராம்களிலிருந்து வேலி போட்டுப் பிரித்த டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது. ரிலே ஜிபிஐஓ 17-இல் (ஜிபிஐஓ என்பது புரோகிராமால் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய பின், போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி). ஏன் 17? இணையத்தில் கிடைக்கிற முக்கால்வாசி எடுத்துக்காட்டுகளில் 17 என்றுதான் இருக்கும், நானும் அதையே வைத்துவிட்டேன். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எல்ஈடி எரியவைத்துப் பழகணும், ஒரு பை வாங்கித் தாங்க மாமா என்றான். நான் பெரிய மனுஷத்தனமாக, "புதுசு எதுக்குடா, இதுலயே ஓட்டு, டாக்கர்ல போட்டுக்கோ, கன்டெய்னர்தானே, என்னோடதை ஒண்ணும் தொடாது" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தில் "ஒண்ணும் தொடாது" என்ற பகுதி மட்டும் தப்பு.

கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று எழுதி வைக்கும் என் காம்போஸ் ஃபைலை அவன் அப்படியே காப்பியடித்தான், அதில் ப்ரிவிலேஜ்டு (எல்லா அனுமதியும் கொடு) என்று நான் போட்டிருந்த வரியோடு சேர்த்து. இணையத்திலிருந்து, பின்களை இயக்கும் ஆர்பிஐ.ஜிபிஐஓ என்ற பைத்தான் லைப்ரரிக்கான ஒரு பிளிங்க் ஸ்கிரிப்டை எடுத்தான், அதில் பின் எண் 17. எல்ஈடியை போர்டில் எண்ணிப் பார்த்து 17-ஆவது பின்னில் செருகினான். ராஸ்பெரி பை தொட்டவர்களுக்கு இங்கேயே சிரிப்பு வந்திருக்கும். போர்டில் வரிசையாக எண்ணினால் வருகிற 17-ஆவது பின் வெறும் 3.3 வோல்ட் சப்ளை, எப்போதும் கரெண்ட் இருக்கும். சிப் கணக்கில் ஜிபிஐஓ 17 என்பது போர்டில் 11-ஆவது பின். ஆக அவனுடைய எல்ஈடி பாட்டுக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருக்க, ஸ்கிரிப்ட் 11-ஆவது பின்னை நொடிக்கொரு தடவை தட்டிக்கொண்டிருக்க, அந்தப் பின்னில் என் மஞ்சள் ஒயர், மஞ்சள் ஒயரின் அந்த முனையில் மோட்டார்.

நான் மாடிக்கு ஓடினேன். "நிறுத்து, நிறுத்து!" என்றால் அவன் டாக்கர் ஸ்டாப் கொடுத்தான், நிற்கவில்லை. கன்டெய்னருக்குள் பைத்தான்தான் முதல் பிராசஸ், பிஐடி 1. முடித்துக்கொள் என்று சொல்லும் டெர்ம் சிக்னலுக்குத் தனியாக ஹேண்ட்லர் எழுதாவிட்டால் பிஐடி 1 அதைக் கண்டுகொள்ளாது, டாக்கரும் 10 வினாடி மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத்தான் கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னலை அனுப்பும். இன்னும் ஐந்து விக்கல். அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கில் வந்து விழுந்த நொடியில் பின் ரிலேவை இழுத்துப் பிடித்திருந்த நிலையில் இருந்தது, ஸ்கிரிப்ட் செத்துப்போனாலும் பின் அப்படியே நின்றுவிட்டது, கீழே மோட்டார் இப்போது விக்கல் இல்லாமல் கம்பீரமாக ஓட ஆரம்பித்தது. கடைசியில் எம்சிபியை இறக்கித்தான் நிறுத்தினேன். கெப்பாசிட்டர் போய்விட்டது. வைண்டிங் தப்பியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்கு பேசாம சுவிட்சே வெச்சிருக்கலாம்" என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தார்.

சரி, ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருவோம். அன்று மாலை முழுக்க இதைத்தான் தோண்டினேன், அதற்குப் பிறகு பல வாரங்களும். கமாண்டுகளை வரிவரியாக இங்கே போடப்போவதில்லை, காப்பி-பேஸ்ட்டால் வந்த வினைதான் இந்தப் பதிவே.

கன்டெய்னர் என்று நாம் சொல்வது லினக்ஸின் மையமான கெர்னல் தருகிற நேம்ஸ்பேஸ்கள் (ஆளுக்கொரு தனி உலகத்தைக் காட்டுவது), சிகுரூப் (மெமரி, சிபியுவுக்கு அளவு வைப்பது), செக்கம்ப் (கெர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று வடிகட்டுவது) போன்ற சில வசதிகளைச் சேர்த்துக் கட்டிய வேலி. ஃபைல்களுக்கு நேம்ஸ்பேஸ் உண்டு, பிராசஸ்களுக்கு உண்டு, நெட்வொர்க்குக்கு உண்டு, ஹோஸ்ட் பெயருக்குக்கூட உண்டு. இரண்டு கன்டெய்னருக்குள்ளும் ஆளுக்கொரு 80-ஆவது போர்ட் இருக்கலாம், ஆளுக்கொரு பிஐடி 1 இருக்கலாம். ஆனால் ஆளுக்கொரு ஜிபிஐஓ 17 இருக்க முடியாது. பலகையில் அந்தத் தகரக் கம்பி ஒன்றுதான். மின்சாரத்துக்கு நேம்ஸ்பேஸ் கிடையாது. ப்ரிவிலேஜ்டு என்று போட்டால் இருக்கிற வேலியும் போய்விடுகிறது, மெஷினில் உள்ள எல்லா டிவைஸும் உள்ளே வந்துவிடும், செக்கம்ப், எந்த ஃபைலைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஆப்ஆர்மர் எல்லாம் விலகிக்கொள்ளும். ஒரு அறைச் சாவி கேட்டவனிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது. எத்தனையோ ராஸ்பெரி பை வழிகாட்டிப் பதிவுகளில் "ஜிபிஐஓ வேலை செய்யவில்லையா, ப்ரிவிலேஜ்டு போடுங்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

முதலில் எனக்குத் தோன்றிய தீர்வு: ப்ரிவிலேஜ்டை எடுத்துவிட்டு, ஜிபிஐஓமெம் என்ற டிவைஸை மட்டும் கன்டெய்னருக்குக் கொடுப்பது. ஆர்பிஐ.ஜிபிஐஓவுக்கு அது போதும். முன்பெல்லாம் ரூட்டாக இருந்து மெமரி முழுவதையும் திறக்கிற டெவ்-மெம் வழியாகத்தான் பின்களைத் தொட வேண்டியிருந்தது, அதற்குப் பதிலாக ஜிபிஐஓ ரெஜிஸ்டர்கள் (பின்களைக் கட்டுப்படுத்தும் நினைவு இடங்கள்) இருக்கும் துண்டை மட்டும் காட்டுவது ஜிபிஐஓமெம். பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் என் பிரச்சினைக்கு இது பைசா பிரயோஜனமில்லை.

காரணம் சிப்பின் அமைப்பிலேயே இருக்கிறது, எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. ராஸ்பெரி பை 4 வரையிலான பிராட்காம் சிப்களில் ஒரு பின்னை உயர்த்த ஒரு ரெஜிஸ்டர், தாழ்த்த இன்னொரு ரெஜிஸ்டர். ஒவ்வொன்றும் 32 பிட். 17-ஆவது பிட்டில் 1 எழுதினால் ஜிபிஐஓ 17 உயரும், 18-ஆவது பிட்டில் எழுதினால் 18. அதாவது பின்கள் ஒரே வார்த்தைக்குள் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். இதில் "நீ 18-ஐ மட்டும் தொடு, 17-ஐத் தொடாதே" என்று ஹார்டுவேரில் தடுக்க வேண்டுமானால் பிராசஸரில் மெமரி அனுமதியைப் பார்த்துக்கொள்ளும் எம்எம்யுதான் தடுக்க வேண்டும், ஆனால் எம்எம்யு அனுமதி கொடுப்பது பக்கம் பக்கமாக, பொதுவாக ஒரு பக்கம் 4096 பைட். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதில் உள்ள எல்லா ரெஜிஸ்டரும் போகும், எல்லா ரெஜிஸ்டரும் போனால் எல்லாப் பின்னும் போகும். பட்டா ஏக்கர் கணக்கில்தான் கிடைக்கும் என்றால் ஒரு சதுரடிக்கு எப்படிப் பட்டா போடுவது? எல்லாப் பின்னும் என்றால் வெளியே தெரிகிற 28 மட்டுமில்லை. பை 3, பை 4 இரண்டிலும் 34 முதல் 39 வரையிலான கோடுகள் போர்டிலிருக்கும் வைஃபை சிப்போடு பேசுகிற கோடுகள். எல்ஈடி எரியவைக்க வந்தவன் நினைத்தால் வைஃபையைத் துண்டிக்கலாம்.

இன்னொன்று, இந்த வழியில் எந்தப் பின்னை யார் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கெர்னலுக்கே தெரியாது. கடைசியாக எழுதியவன் சொன்னதுதான் சட்டம். என் புரோகிராம் தண்ணீர் மட்டம் மாறும்போது மட்டும்தான் பின்னில் எழுதும், அதனால் அக்கா பையனின் ஸ்கிரிப்ட் நொடிக்கு நொடி எழுதியதை அது கவனிக்கவேயில்லை. செத்த பிராசஸ் விட்டுப்போன நிலையிலேயே பின் நின்றதற்கும் இதுதான் காரணம். லைப்ரரியைக் குறை சொல்லவும் முடியாது, அது எச்சரிக்கை கொடுக்கும்: இந்தச் சேனல் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, இருந்தாலும் தொடர்கிறேன் என்று. "இருந்தாலும் தொடர்கிறேன்" என்ற அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கிற ஸ்கிரிப்ட்களில் பாதியில் மேலே இரண்டாவது வரியே எச்சரிக்கைகளை அணைத்துவிடு என்பதுதான். அவனுடையதிலும் இருந்தது. சொல்லப்போனால் என்னுடையதிலும்.

அப்புறம் பழைய சிஸ்எஃப்எஸ் வழி, அதாவது ஹார்டுவேரை ஃபைல்களாகக் கெர்னல் காட்டும் வழி. சிஸ் அடைவுக்குள் ஜிபிஐஓ என்ற கிளாஸ், அதில் எக்ஸ்போர்ட் என்ற ஃபைலில் எண்ணை எழுதினால் அந்தப் பின்னுக்கென்று ஒரு அடைவு முளைக்கும், உள்ளே டைரக்‌ஷன், வேல்யூ என்று ஃபைல்கள். எக்கோ கமாண்டு தெரிந்தால் போதும், எல்ஈடி எரியும். இது வழக்கொழிந்த முறை, 2016-இல் வந்த 4.8 கெர்னலிலிருந்து கேரக்டர் டிவைஸ் முறைக்கு மாறச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், பின்னுக்கு ஒரு அடைவு என்பதால் பின்வாரியாக அனுமதி கொடுப்பது இதில்தான் இயல்பாக அமைந்தது. எல்லாமே ஸ்னாப் என்ற பொட்டலங்களாக வரும் உபுண்டு கோரில் ஸ்னாப் இதைத்தான் அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. ராஸ்பெரி பை போர்டை விவரிக்கும் கேட்ஜெட் ஸ்னாப்பில் பின்னுக்கு ஒரு ஸ்லாட், பிசிஎம்-ஜிபிஐஓ-17 என்பது மாதிரி பெயர். உங்கள் ஆப் ஜிபிஐஓ என்ற பிளக் வைத்திருக்கும், நீங்கள் கையால் இரண்டையும் கனெக்ட் செய்ய வேண்டும், தானாக இணையாது. இணைத்ததும் ஸ்னாப்களை நிர்வகிக்கும் ஸ்னாப்டி அந்தப் பின்னை எக்ஸ்போர்ட் செய்து, ஆப்ஆர்மரில் அந்தப் பின்னின் அடைவை மட்டும் திறந்துவிடும். 18-ஐ எழுதப் பார்த்தால் அனுமதி இல்லை என்று முகத்திலடித்த மாதிரி பதில் வரும். வேறொரு எஸ்டி கார்டில் உபுண்டு கோர் போட்டுச் செய்து பார்த்தேன், மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் சாதாரண உபுண்டு சர்வர் போட்ட பையில் கேட்ஜெட் ஸ்னாப்பே இல்லை, ஆக ஸ்லாட்டும் இல்லை, பிளக்கை வைத்துக்கொண்டு சுவரில் ஓட்டை தேட வேண்டியதுதான்.

டாக்கரில் சிஸ்எஃப்எஸ் வழி இன்னும் வம்பு. கன்டெய்னருக்குள் சிஸ் அடைவு எழுத முடியாததாகத்தான் மவுன்ட் ஆகும். ஜிபிஐஓ அடைவைத் தனியாக மவுன்ட் செய்தால் அதற்குள் இருப்பதெல்லாம் வேறிடத்தைக் காட்டும் சிம்லிங்க், அது எங்கோ டிவைசஸ் அடைவுக்குள் போகும், அதையும் மவுன்ட் செய்ய வேண்டும். போதாததற்கு ராஸ்பெரி பையின் 6.6 கெர்னலில் எண்களின் தொடக்கம் 512-க்குத் தாவிவிட்டது. 17 என்று எழுதினால் தப்பான ஆர்க்யுமென்ட் என்கிறது, 529 என்று எழுத வேண்டும். கெர்னல்காரர்கள் இந்த எண்களை நம்பாதே என்று வருஷக்கணக்காகச் சொன்னதை நாம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதைய முறை கேரக்டர் டிவைஸ். டெவ் அடைவில் ஜிபிஐஓசிப்0 என்ற மாதிரி இருக்கும். கூடவே லிப்ஜிபிஐஓடி லைப்ரரியும் அதன் கருவிகளும். இதில் ஒரு பின்னை, அவர்கள் மொழியில் ஒரு லைனை, கெர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் அது உங்களுடையது, வேறொருவர் கேட்டால் பிஸி என்று பதில் போகும். வாங்கும்போது ஒரு பெயரும் கொடுக்கலாம், ஜிபிஐஓஇன்ஃபோ என்ற கமாண்டை அடித்தால் 17-க்கு நேராக "தண்ணி-மோட்டார்" என்று அழகாகத் தெரியும். பிராசஸ் செத்தால் லைன் தானாக விடுபடும். விடுபட்ட பிறகு எந்த நிலையில் இருக்கும் என்பது டிரைவரின் இஷ்டம், இதை நம்பி மோட்டாரை விடாதீர்கள். ராஸ்பெரி பை கெர்னலில் அந்த நடத்தையை மாற்றவே ஒரு மாட்யூல் பாராமீட்டர் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் புரோகிராமும் அவன் ஸ்கிரிப்டும் இரண்டுமே இப்படி லைன் கேட்டு வாங்கியிருந்தால் அன்று அவனுக்கு ஒரு எர்ரர் வந்திருக்கும், நான் இட்லி ஜீரணமாகும்வரை மொபைல் பார்த்திருப்பேன். இருவரில் ஒருவர் ஜிபிஐஓமெம் வழியாக வந்தாலும் போச்சு, அது கெர்னலிடம் கேட்காமல் சுவரேறிக் குதிக்கிற வழி. ஆகவே முதல் வேலையாக எந்தக் கன்டெய்னருக்கும் ஜிபிஐஓமெம் கிடையாது, ப்ரிவிலேஜ்டு கிடையாது என்று ஆக்கினேன்.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம். ஜிபிஐஓசிப்0 டிவைஸைக் கன்டெய்னருக்குக் கொடுத்தால் சிப் முழுவதும் போகிறது. யாரும் பிடித்து வைக்காத எந்த லைனையும் உள்ளே இருப்பவன் எடுத்துக்கொள்ளலாம். என் கன்டெய்னர் அப்டேட்டுக்காக இரண்டு நிமிடம் நின்றால், அந்த இரண்டு நிமிடம் 17 அனாதை. ஃபைல் அனுமதி என்பது சிப் அளவில்தான், லைன் அளவில் இல்லை. கெர்னல் ஆவணத்திலேயே "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்ற பொருளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கொழிந்த முறையில் இயல்பாக வந்த பின்வாரி அனுமதி, எல்லா விதத்திலும் சிறந்த புது முறையில் இல்லாமல் போனது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஜிபிஐஓ அக்ரிகேட்டர், 2020-இல் 5.8 கெர்னலில் சேர்ந்தது. யோசனை எளிமை: அசல் சிப்பிலிருந்து உங்களுக்கு வேண்டிய லைன்களை மட்டும் பொறுக்கி, அவற்றை வைத்து ஒரு பொய் சிப்பை உண்டாக்கு. பை 4-இல் அசல் சிப்பின் லேபிள் பின்சிடிஆர்எல்-பிசிஎம்2711. அந்தப் பெயரையும், அக்கா பையனின் எல்ஈடிக்கு ஒதுக்கிய 22 என்ற எண்ணையும் அக்ரிகேட்டர் டிரைவரின் நியூ-டிவைஸ் ஃபைலில் எழுதினால், புதிதாக ஒரு ஜிபிஐஓசிப் தோன்றும், அதில் ஒரே ஒரு லைன், அதன் எண் 0. அக்கா பையனின் கன்டெய்னருக்கு அந்தப் பொய் சிப்பை மட்டும் கொடுத்தேன். அவன் உலகத்தில் இருப்பதே ஒரு பின்தான். தப்பாக 17 என்று எழுதினால் அப்படியொரு லைனே இல்லை என்று சொல்லிவிடும். அதோடு அக்ரிகேட்டர் 22-ஐ அசல் சிப்பிடம் கேட்டு வாங்கி வைத்திருப்பதால் வெளியிலிருந்தும் யாரும் அதை எடுக்க முடியாது. ஸ்னாப் பக்கமும் சிஸ்எஃப்எஸ்ஸுக்குப் பதிலாக ஜிபிஐஓ-சார்டெவ் என்ற புது இன்டர்ஃபேஸ் இந்த அக்ரிகேட்டரை வைத்துத்தான் வந்திருக்கிறது. முயற்சி செய்கிறவர்கள் உங்கள் கெர்னலில் அந்த மாட்யூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீபூட் ஆனால் பொய் சிப் மறைந்துவிடும், மறுபடி உண்டாக்க, பூட் ஆகும்போது தானாக ஓடும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் வேண்டும். சிப் எண்ணும் மாறலாம், லேபிளைப் பார்த்து சிம்லிங்க் போட, டிவைஸ்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ்வில் ஒரு விதி வேண்டும். (எண்ணை நம்பாதீர்கள் என்பதற்கு ராஸ்பெரி பை 5 நல்ல சாட்சி. அதில் பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில், முதலில் ஜிபிஐஓசிப்4 ஆக இருந்தது, பிறகு ஜிபிஐஓசிப்0 ஆனது. ஆர்பிஐ.ஜிபிஐஓ அதில் வேலையே செய்யாது.)

அக்கா பையன் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ஆனால் என் பக்கம் யோசிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. என் மோட்டார் கன்டெய்னருக்கும் 17 மட்டும் உள்ள ஒரு பொய் சிப் கொடுத்தால் போதுமா? அந்தக் கன்டெய்னருக்குள் வெப் பக்கம் ஓடுகிறது, கருவிகள் செய்தி பரிமாறும் எம்க்யூடிடி ஓடுகிறது, பிப்பில் இறக்கிய முப்பது பேக்கேஜ் இருக்கிறது. அதற்குள் ஒரு பக் வந்து 17-ஐ மட்டுமே, மிகச் சரியான அனுமதியோடு, நொடிக்கொரு தடவை தட்டினால்? அதே விக்கல்தானே. பின்னைத் தொட அனுமதி வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அந்தக் கன்டெய்னருக்கு வேண்டியது பின் இல்லை. "தண்ணி ஏத்து", "நிறுத்து" என்று சொல்கிற உரிமை மட்டும்தான் வேண்டும். ஒரு பின் மேலே போகலாமா கீழே வரலாமா என்பது மோட்டாரைப் பற்றி எதுவும் தெரியாத அனுமதி.

அதனால் நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்தேன். நூற்றைம்பது வரிகூட வராத சின்ன டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்), கன்டெய்னருக்கு வெளியே, சிஸ்டம்டி சர்வீஸாக. அதற்கு மட்டும்தான் ஜிபிஐஓசிப், வேறு எந்த டிவைஸும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை, சிஸ்டம்டியின் டிவைஸ் பாலிசியிலேயே பூட்டிவிட்டேன். அது லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு யுனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே மெஷினில் உள்ள புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) காது கொடுக்கும். அதற்குப் புரிவது மூன்றே சொல்: போடு, நிறுத்து, நிலை. ஒரு தடவை போட்டால் அதிகபட்சம் 25 நிமிடம், அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் நிறுத்திவிடும். நிறுத்தி இரண்டு நிமிடம் ஆகாமல் மறுபடி போடச் சொன்னால் மாட்டேன் என்றுவிடும். கன்டெய்னருக்கு அந்தச் சாக்கெட்டை மட்டும் மவுன்ட் செய்திருக்கிறேன், டிவைஸ் ஒன்றுகூடக் கிடையாது. கூப்பிடுவது எந்த யுஐடி, அதாவது எந்த யூசர் என்று சாக்கெட்டிலேயே கெர்னல் சொல்லிவிடும், அதையும் சரிபார்க்கிறது. (சாக்கெட் மவுன்ட் என்றதும் டாக்கரின் சொந்தச் சாக்கெட்டை யாரும் உள்ளே கொடுத்துவிடாதீர்கள், அது ப்ரிவிலேஜ்டுக்கு அண்ணன்.)

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. டெஸ்க்டாப்பில் இதே மாதிரி வேலிக்குள் ஓடும் ஃபிளாட்பேக் ஆப்களுக்கு கேமராவையும் ஃபைலையும் போர்ட்டல் என்ற இடையாள் மூலம் கொடுப்பதும் இதே கதைதான். பின்களுக்கு அப்படி ஒரு போர்ட்டல் இல்லை, ஃபிளாட்பேக்கில் எல்லா டிவைஸையும் திறந்துவிடுவதுதான் வழி. லிப்ஜிபிஐஓடி 2.2-இலிருந்து ஜிபிஐஓ-மேனேஜர் என்று, புரோகிராம்களுக்கிடையே செய்தி கடத்தும் டி-பஸ்ஸில் பேசுகிற ஒரு டீமன் கூடவே வருகிறது, அது லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் கேட்கும்போது மாற்றிக்கொடுக்கும், கேட்டவன் போன பிறகும் நிலை மாறாது. எல்ஈடிக்கும் பட்டனுக்கும் அதுவே தாராளம். ஆனால் 25 நிமிடக் கணக்கு அதற்குத் தெரியாது, மோட்டாரை அறிந்த இடையாள் வேண்டுமென்றால் நாமேதான் எழுத வேண்டும்.

என் மோட்டார் கன்டெய்னருக்குள் போய் அக்கா பையனின் பிளிங்க் ஸ்கிரிப்டையே கொஞ்சம் மாற்றி, சாக்கெட்டுக்கு நொடிக்கொரு தடவை போடு-நிறுத்து என்று அனுப்பிப் பார்த்தேன். முதல் "போடு"க்கு மோட்டார் ஓடியது, அடுத்த நொடி நின்றது, அதன் பிறகு லாகில் வரிசையாக "மாட்டேன், 118 வினாடி பொறு", "மாட்டேன், 116 வினாடி பொறு" என்று வந்துகொண்டேயிருந்தது. புது கெப்பாசிட்டர், அதனால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. டீமனையே கில் செய்தும் பார்த்தேன், என் கெர்னலில் கான்டாக்டர் விழுந்தது. உங்களுடையதில் விழுமா என்பதை நீங்கள்தான் மோட்டார் இல்லாமல், ஒரு பல்பை வைத்துப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் சொன்னதையும் கேட்டேன். டேங்க்கின் மேல் ஃப்ளோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஃப்ளோட் சுவிட்சை வைத்து, அதைக் கான்டாக்டர் காயிலோடு தொடராக அவரை விட்டே ஒயர் செய்யச் சொன்னேன். டேங்க் நிறைந்தால் காயிலுக்குக் கரெண்டே போகாது, பை என்ன நினைத்தாலும் சரி. ரிலேவையும் 17-இலிருந்து ஜிபிஐஓ 5-க்கு மாற்றிவிட்டேன். பூட் ஆகும்போது 0 முதல் 8 வரையிலான பின்கள் மேலே இழுபட்டு நிற்கும், 9 முதல் 27 வரை கீழே. தாழ்ந்தால் இழுக்கிற ரிலேவுக்கு 5 தோதானது. முக்கியமாக, நான் பார்த்த எடுத்துக்காட்டு ஸ்கிரிப்ட்களில் 5 வரவில்லை.

போன வாரம் அக்கா பையன் வந்து, "மாமா, ஒரு ஓஎல்ஈடி டிஸ்ப்ளே வாங்கியிருக்கேன், ஐ2சி பஸ் மட்டும் கன்டெய்னருக்குக் குடுங்க, போதும்" என்றான். ஐ2சி பஸ் என்பது பல சிப்கள் ஆளுக்கொரு முகவரியோடு பகிர்ந்துகொள்ளும் ஒரே ஜோடி ஒயர். அவனுடைய டிஸ்ப்ளே 3சி என்ற முகவரியில், அதே பஸ்ஸில் 68-இல் என் ஆர்டிசி கடிகாரம், டீமனின் 25 நிமிடக் கணக்கு கரெண்ட் போய் வந்தாலும் தப்பக்கூடாது என்று வைத்தது. பஸ் டிவைஸைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அவனுக்கு ராஸ்பெரி பை பைக்கோ என்ற தனிச் சின்ன போர்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டேன். கெப்பாசிட்டரை விட விலை குறைவுதான்.